படுக்கையில் இருக்கும் அப்பாவின் காசை எப்படிப் பார்ப்பது? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் லண்டனில் இருக்கிறார். அப்பாவுக்கு 79 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலையில் சொந்த வீடு. சித்திரை மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறுகிறது, நினைவு பெரும்பாலும் தெளிவு. அம்மா காலமாகிவிட்டார். தங்கை பாலர் பாடசாலை வேலையை விட்டுவிட்டுக் கூட இருந்து பார்க்கிறார். அப்பாவுக்கு பென்சன் வருகிறது, வங்கியில் ஒரு நிலையான வைப்பு இருக்கிறது, சாம்பல்தீவுப் பக்கம் ஒரு துண்டுக் காணியும் உண்டு. "அப்பாவை ஒரு நல்ல இல்லத்தில் விட எவ்வளவு முடியும்? அவருடைய காசை நாங்கள் எப்படி எடுத்துச் செலவழிப்பது? வீட்டை இப்போதே தங்கையின் பெயருக்கு எழுதலாமா? ஓகஸ்டில் மூன்று கிழமை லீவில் வருகிறேன், அதற்குள் எதை முடிக்க வேண்டும்?"

தம்பி, நான் திருகோணமலையில் ஒரு வங்கியின் கவுண்டரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். என் அம்மாவும் கடைசி ஐந்து வருடம் படுக்கையில்தான் இருந்தார். அதனால் இந்த விசயத்தை மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். நீங்கள் இல்லத்தின் செலவை முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைப் பிறகுதான் சொல்லப் போகிறேன். உங்களுக்கு அவசரமானது அப்பாவின் கையெழுத்து.

ஏன் என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் எங்கள் கிளைக்கு வெள்ளை வேட்டியில் வரும் ஒரு பென்சன்காரர் இருந்தார். படிவத்தை நிரப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்து வைப்பார். இரண்டு மாதம் ஆளைக் காணவில்லை. மூன்றாம் மாதம் மகன் வந்தார். கையில் பாஸ் புத்தகமும் நிரப்பிய படிவமும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மேலே ஏறி, வளைந்து, பெட்டிக்கு வெளியே போயிருந்தது. அப்பா இடது கையால் போட்டார் என்றார் மகன். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் முன்னால் கணினியில் இருந்த மாதிரிக் கையெழுத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் ஓர் எழுத்துக்கூட ஒத்துப்போகவில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான். அவர் ஒன்றும் பேசாமல் அதை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கணக்கில் காசு இருந்தது. வீட்டில் மருந்து வாங்கக் காசில்லை.

உங்கள் அப்பாவுக்கு விழுந்தது வலது கை. ஆகவே பழைய கையெழுத்து இனி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதப் பழக்கி, அதைக் கையெழுத்தாகக் காட்ட முயல வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். பெருவிரல் அடையாளம்தான் நிம்மதி. தங்கை ஒருநாள் வங்கிக்குப் போய் முகாமையாளரை நேரில் சந்திக்கட்டும். வைத்தியரின் கடிதம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதில் இரண்டு விசயம் வரவேண்டும்: ஒன்று, வலது கை இயங்காததால் கையொப்பமிட முடியாது என்பது. மற்றது, அவருக்கு விளங்கும் திறன் இருக்கிறது என்பது. இரண்டாவதைக் கேட்டு எழுதுவிக்க எல்லோரும் மறந்துவிடுவார்கள். முழுக் கடிதத்தின் பெறுமதியும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அப்புறம், ஓர் உத்தியோகத்தரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். நானே பாலையூற்றுக்கும் அன்புவழிபுரத்துக்கும் மைப்பெட்டியோடு போயிருக்கிறேன். கேட்டால் செய்வார்கள், கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

வங்கி உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்த அன்றே இன்னொன்றையும் முடியுங்கள். பென்சன் விழும் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள். அப்பாவும் தங்கையும் சேர்ந்து தனியாக ஒரு கூட்டுக் கணக்கு திறக்கட்டும், இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற அறிவுறுத்தலோடு. செலவுக்கான காசு பென்சன் கணக்கிலிருந்து மாதாமாதம் அதற்குப் போகட்டும். நிலையான வைப்புக்குப் பின்னுரித்தாளர் பெயர் கொடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பலர் அங்கே குழம்புகிறார்கள். பின்னுரித்தாளராகப் பெயர் இருப்பவருக்கு அப்பா இருக்கும்வரை அந்தக் காசில் ஒரு சதமும் எடுக்க முடியாது. அது அவர் காலத்துக்குப் பிறகுதான் உதவும்.

ஏ.ரி.எம். அட்டை விசயத்தை மறைப்பானேன். ஊரில் பாதிப் பேர் அப்பா அம்மாவின் அட்டையை வைத்து, இரகசிய இலக்கத்தை போனில் பதிந்து வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டுகிறார்கள். நடக்கும்வரை நடக்கும். அட்டை காலாவதியானால், அல்லது இயந்திரம் விழுங்கிவிட்டால், புதியது வாங்க மறுபடியும் கையெழுத்து வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆள் போன பிறகும் பென்சன் ஒன்றிரண்டு மாதம் வந்து விழுவதுதான். செத்தவீட்டுச் செலவுக்கென்று அதை எடுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அந்தக் காசு உங்களுடையது அல்ல, திணைக்களம் திருப்பிக் கேட்கும்.

அடுத்தது அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் அலுவல் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். நொத்தாரிசு ஒருவர் முன்னால் அப்பா தங்கைக்கு அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுக்கலாம், அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். வங்கி, பென்சன், காணிக் கந்தோர், மின்சாரக் கட்டணம் என்று எந்தெந்த வேலைக்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். எல்லாம் செய்யலாம் என்ற பொதுவான ஒரு வரியைப் பார்த்தாலே வங்கிக்காரருக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வரும். ஆனால் நன்றாக மனதில் வையுங்கள்: இங்கே இந்த அதிகாரம் அப்பாவின் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் நிற்கும். வேறு சில நாடுகளில் நினைவு போன பிறகும் செல்லும்படி ஒரு பத்திரம் எழுதி வைக்கலாம். உங்கள் லண்டனிலும் அது உண்டு. இங்கே அந்த வசதி இல்லை. இன்னொரு பக்கவாதம் வந்து அப்பாவுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அவருடைய சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்கும்படி கேட்க வேண்டும். வைத்திய அறிக்கை, விசாரணை, தவணை, சட்டத்தரணியின் கூலி, பிறகு கணக்குக் காட்டும் கடமை. அது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உள்ள நல்ல ஏற்பாடுதான், ஆனால் மருந்துக் காசு அதுவரை காத்திருக்காது. நினைவு தெளிவு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து.

நொத்தாரிசிடம் போகமுன் வீட்டில் இருக்கும் பிஸ்கட் தகரத்தைத் திறந்து கொட்டுங்கள். (எந்த வீட்டிலும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பிஸ்கட் தகரத்தில்தான் இருக்கும்.) அடையாள அட்டை, பென்சன் அட்டை, பாஸ் புத்தகம், உறுதி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், ஒன்றில் இனிஷியல் மட்டும், இன்னொன்றில் சிங்களத்திலிருந்து மாறி வந்து ஒரு எழுத்து தவறி. எங்கள் அம்மா நான்கு பத்திரங்களில் மூன்று பேராக இருந்தார். இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் போதும். அப்பா உயிரோடு, தானே சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போது அது அரைநாள் வேலை.

சரி, வருமானத்துக்கு வருவோம். பென்சன் நிற்காமல் வர வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அப்பா திருகோணமலை 'பட்டணமும் சூழலும்' பிரதேச செயலகத்துக்கு வரத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்த்து உறுதிப்படுத்துவார். தங்கை அவருடைய போன் இலக்கத்தை வைத்திருக்கட்டும். அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதியில் அப்பா ஓய்வுக்குப் பிறகும் சேர்ந்திருக்கிறாரா என்று பென்சன் பகுதியில் ஒருக்கால் கேளுங்கள், சேர்ந்திருந்தால் வார்டில் இருந்த நாட்களுக்குக் கோரலாம்.

நிலையான வைப்பை ஒரே துண்டாக வைத்திருந்தால் அது முதிரும் அன்று உடையுங்கள். உதாரணத்துக்கு 24 இலட்சம் இருக்கிறது என்று வைப்போம். அதை நான்கு ஆறு இலட்சமாக்கி, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போட்டால், திடீரென்று காசு தேவைப்படும்போது ஆறு இலட்சத்தை மட்டும் தொடலாம். முழுத்தொகையையும் நடுவில் உடைத்து வட்டியை இழப்பவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்த்தேன். வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் இருந்து நூற்றுக்குப் பத்து. ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர் சுயபிரகடனம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். வரி அடையாள இலக்கம் வேண்டும். வயதானவர்கள் "வரி" என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து அந்தப் படிவத்தைத் தொடுவதில்லை, மாதாமாதம் காசு போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று. யாரோ ஒரு நிதிக் கம்பனி கூடுதல் வட்டி தருகிறது என்று உறவுக்காரர் வந்து சொல்வார். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான். வைத்தியச் செலவுக்கு வைத்திருக்கும் காசோடு அந்த விளையாட்டு வேண்டாம்.

அரச நிவாரணத் திட்டமான அஸ்வெசும பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும்: குறைந்த வருமானக் குடும்பங்களில் 70 வயது தாண்டியவர்களுக்கான கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 5000 ரூபாயாகக் கூடியது. சத்திரசிகிச்சை போல பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பத்தை 2025 தொடக்கத்திலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், முன்போல கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

இப்போது இல்லத்துக்கு வருகிறேன். முதலில் சொல்லில் ஒரு சிக்கல். நீங்கள் லண்டனில் "நேர்சிங் ஹோம்" என்று சொல்வது ஒன்று. எங்கள் ஊரில் பழைய ஆட்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், பத்துப் பதினைந்து கட்டிலோடு இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியை நினைப்பார்கள். நீங்கள் தேடுவது இரவிலும் ஆள் நின்று புரட்டி, கழுவி, குழாயில் சாப்பாடு கொடுக்கும் இடம். முதியோர் இல்லம் என்று இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை தானாக எழுந்து, தன் வேலையைத் தானே பார்க்கக்கூடியவர்களுக்குத்தான். யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ளது போன்ற அரச இல்லங்கள் பார்க்க ஆளில்லாதவர்களை நினைத்து நடத்தப்படுபவை. பென்சனும் வீடும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு அங்கே இடம் கேட்பது சரியும் இல்லை. படுக்கையாளரை எடுக்கும் கட்டண இல்லங்கள் கொழும்பிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான் அதிகம் இருக்கின்றன. கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர். தங்கை இரவு ரயிலேறிப் போய் ஒரு மணிநேரம் பார்த்துவிட்டு அடுத்த இரவு ரயிலில் திரும்ப வேண்டும். அப்பாவுக்குத் தமிழில் தண்ணீர் கேட்டால் விளங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்குமா என்பதையும் யோசியுங்கள். பேச்சுக் குழறும் ஒருவருக்கு அது சின்ன விசயமில்லை.

அப்படியும் ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால், முன்வாசல் பூச்சாடியைப் பார்க்காமல் பின்பக்கம் போய்க் கழுவிக் காயப்போட்ட துணிகளைப் பாருங்கள். பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது கேட்க வேண்டிய கேள்வி. மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டதோடு நிற்காதீர்கள். பம்பர்ஸ் அதற்குள்ளா, வெளியா? மருந்து? சிறுநீர்க் குழாய் மாற்றுவது யார், அதற்குத் தனிக்காசா? முற்பணம் வாங்கினால், அப்பா இரண்டாம் மாதமே காலமானால் அது திரும்பி வருமா? எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இது: அப்பாவை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் வார்டில் கூட நிற்பது யார்? எங்கள் வார்டுகளில் படுக்கையாளரோடு ஆள் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அநேகமான இல்லங்கள் அதைக் குடும்பத்தின் தலையில் போட்டுவிடும். எங்கள் பெரியம்மாவை இன்னொரு ஊரில் ஓர் இல்லத்தில் விட்டிருந்தோம். ஒரு மழைநாள் இரவு, "வார்டில் சேர்த்துவிட்டோம், ஆள் அனுப்புங்கள்" என்று போன் வந்தது. அடுத்த பதினொரு நாளுக்குக் கூலிக்கு ஆள் பிடித்தோம், இல்லத்தின் மாதக் கட்டணத்தையும் முழுதாகக் கட்டினோம். எழுத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் முதலில் பார்க்கவில்லை.

ஆகவே என் எண்ணம், உவர்மலை வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், ஆனால் தங்கையைத் தனியே விட்டு அல்ல. செலவு எங்கே போகும் என்று மனதில் ஒரு கணக்குப் போடுங்கள். மருந்து நீங்கள் நினைக்கும் அளவுக்கு வராது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி இருந்தால் மாத்திரை இலவசம், இல்லாத ஒன்றிரண்டைத்தான் வெளியில் எழுதித் தருவார்கள், அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கொஞ்சம் குறைவு. அவசரத்துக்கு 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அது வராது, வான் பிடிக்க வேண்டும். காசு கரைவது பம்பர்ஸிலும் ஆள் கூலியிலும்தான். நாளுக்கு மூன்று என்றால் மாதம் தொண்ணூறு. பத்து உள்ள பைக்கட் ஒன்பது. இரவில் மட்டும் பம்பர்ஸ், பகலில் பழைய வேட்டித் துணி என்று வைத்தால் அது மூன்றிலொன்றாகும், தோலுக்கும் நல்லது. எயார் மெத்தை ஒன்றை முதல் மாதமே வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதை வாங்கினாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றித்தான் ஆக வேண்டும். படுக்கைப் புண் ஒன்று முதுகடியில் வந்துவிட்டால் மருந்து கட்டுவதற்குப் போகும் காசில் மூன்று மெத்தை வாங்கலாம். அம்மாவுக்கு நாங்கள் மெத்தையைப் பிந்தித்தான் வாங்கினோம்.

தங்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூலிக்கு ஓர் ஆள் பகலில் நின்று பார்க்க நாளுக்கு 3000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 90,000. அது பகலுக்கு மட்டும். உங்கள் தங்கை இரவும் நிற்கிறார், போதாததற்கு வேலையையும் விட்டிருக்கிறார். குடும்பத்தின் செலவுக் கணக்கில் அவருக்கு எதிரே எப்போதும் பூச்சியம்தான் எழுதப்படும். மூத்தவர்கள் அனுப்பும் பவுணும் டொலரும் ஒவ்வொரு சதமாக எண்ணப்படும். நாலு வருடம் கழித்து அப்பா கண்ணை மூடியதும், "அனுப்பின காசெல்லாம் எங்கே?" என்ற கேள்வி செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளேயே வரும். இது ஏதோ கெட்ட குடும்பங்களில் நடப்பதில்லை, நல்ல பிள்ளைகளின் வீடுகளிலும் நடக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சி.ஆர். கொப்பி. தடித்த அட்டை போட்டது ஒன்றை வாங்கி, இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. நாங்கள் அம்மாவுக்கு எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அக்காவின் எழுத்தில் ஒரு பக்கம்: "7ந் திகதி, பம்பர்ஸ் 2 பைக். ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போக வர. டெட்டோல். செவ்விளநீர் 3. அம்மா இன்று கஞ்சி முழுக்கக் குடித்தா." அந்தக் கடைசி வரி கணக்கில்லைதான். ஆனால் அக்கா கொப்பியில் எழுதியதை நான் ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை, அந்த வரியை மட்டும் தேடித் தேடி வாசித்தேன். மாதக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணன் தம்பி எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். சண்டைக்கு இடமே வரவில்லை.

நீங்கள் அனுப்பும் காசைத் தங்கையின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அப்பாவின் கூட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். தங்கைக்கு மாதம் ஒரு தொகையை அதிலிருந்து கொடுக்க வேண்டும், கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் "சம்பளம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெற்ற அப்பாவைப் பார்க்கக் கூலியா என்று அவர் அழுவார், பிறகு வாங்கவே மாட்டார். "அப்பாவின் செலவுக்குள்ளே உன் செலவும் இருக்கு பிள்ளை" என்று அப்பாவின் வாயாலேயே சொல்ல வையுங்கள். குழறினாலும் பரவாயில்லை. கிழமைக்கு இரண்டு பகல் வேறு ஓர் ஆளை வைத்து, தங்கையை வெளியே அனுப்புங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாலும் சரி, கடற்கரையில் சும்மா இருந்துவிட்டு வந்தாலும் சரி.

வீட்டு உறுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தங்கைக்கு எழுதுவது நியாயம்தான், சீதனமும் அவருக்குக் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அப்பா தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதட்டும். அவர் இருக்கும்வரை அந்தக் கூரைக்குக் கீழே அவருக்கு உரிமை இருக்க வேண்டும். பிள்ளை நன்றி மறந்தால் நன்கொடையை நீதிமன்றத்தில் இரத்துச் செய்ய 2017இல் தனிச்சட்டம் ஒன்றே வந்தது. அந்தச் சட்டம் வர வேண்டிய தேவை ஏன் வந்தது என்று யோசித்தால் மற்றது விளங்கும். எழுதிவிட்டால் பிறகு வீட்டை விற்றோ ஈடுவைத்தோ அப்பாவின் செலவுக்குக் காசெடுப்பது கடினம் என்பதையும் பாருங்கள். எனக்கு விருப்பமான வழி, இப்போது மரணசாசனம் மட்டும் எழுதுவது. நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் போதும், மனம் மாறினால் மாற்றவும் முடியும்.

சாம்பல்தீவுக் காணியை விற்று ஐந்து வருடச் செலவைச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். முதலில் அது உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்று பிஸ்கட் தகரத்துக்குள் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணிகள் ஏராளம். அதுவென்றால் நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்க ஆள் வரும், விலையும் பாதிதான் வரும், கிட்டப்போக வேண்டாம். பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதியாமல் விட்டால் முன்பு ஆண்பிள்ளைக்கே முதலிடம் போனது, 2022இல்தான் சட்டத்தைத் திருத்தி அந்த வேற்றுமையை எடுத்தார்கள். தங்கைக்குத்தான் என்று அப்பா நினைத்தால் அதை இப்போதே பதிவது நல்லது.

ஓகஸ்ட் மூன்று கிழமையில் முதல் கிழமை தகரத்தையும் வைத்தியரின் கடிதத்தையும் முடியுங்கள். கடிதம் இரண்டு மூன்று பிரதி வாங்குங்கள், வங்கிக்கு ஒன்று, நொத்தாரிசுக்கு ஒன்று. இரண்டாம் கிழமை வங்கி உத்தியோகத்தரும் நொத்தாரிசும் வீட்டுக்கு. இருவரையும் ஒரே நாளில் கூப்பிட வேண்டாம், அப்பா களைத்துவிடுவார். சாட்சிக்கு நீங்களும் தங்கையும் நிற்காதீர்கள், அப்பாவை முந்தித் தெரிந்த அயலவர் இருவர், முடிந்தால் அவரோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் நிற்கட்டும். மூன்றாம் கிழமை கூலிக்கு வரும் ஆளைப் பார்த்து, தங்கையோடு இரண்டு நாள் சேர்ந்து வேலை பழக வையுங்கள்.

நேரம் மட்டும் கவனம். நொத்தாரிசுகள் நீதிமன்ற வேலை முடிந்து பின்னேரம் நாலரைக்கு வருகிறேன் என்பார்கள். அப்படித்தான் எங்களுக்கும் ஒருவர் வந்தார், அம்மா மத்தியான மாத்திரையின் மயக்கத்தில் என்னைத் தன் தம்பி என்று கூப்பிட்டார், வந்தவர் கறுப்புப் பையைத் திறக்காமலே எழும்பிப் போனார். மறுகிழமை சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னோம். அம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, தேத்தண்ணி குடித்துவிட்டு இருந்தார். பெயர் என்ன என்று நொத்தாரிசு கேட்டதற்குப் பெயரைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொல்லி, "நீர் ஆற்றை மகன்?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்.